நண்பர் எழுதிய மைன்கிராஃப்ட் சர்வர் ப்ளகினைச் சோதித்துத் தரச் சொல்கிறார். நிரல் எழுதத் தெரியாத நான் எப்படி உதவ முடியும்?

நிரல் தெரியாதது இங்கே ஒரு குறையே இல்லை. ப்ளகின் என்பது சர்வரில் கூடுதல் வசதிகளைச் சேர்க்கும் துணை நிரல். அது எப்படி இயங்க வேண்டும் என்பது எழுதியவருக்குத் தெரியும். அதனாலேயே அவர் கை சரியான இடத்தைத்தான் அழுத்தும். பெரும்பாலும் தன் கணினியில் தனி ஆளாக நுழைந்துதான் பார்த்திருப்பார். இரண்டாவது ஆள் உள்ளே வந்ததும் நடக்கும் கூத்துகள் அவர் கண்ணில் பட்டிருக்காது. அவற்றைக் கண்டுபிடித்து, அவர் தன் கணினியிலும் நிகழ்த்திப் பார்க்கும்படி எழுதிக் கொடுப்பதுதான் உங்கள் வேலை. சர்வர் நடத்தியவன், பிறர் எழுதிய ப்ளகின்களைச் சோதித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

சோதனைக்கென்று தனி சர்வர் வேண்டும். ஆட்கள் விளையாடிக்கொண்டிருக்கும் சர்வரில் புதிய ப்ளகினை ஏற்றிப் பார்ப்பது பிறர் உழைப்போடு விளையாடுவது. ஸ்பிகாட், பேப்பர் என்பவை ப்ளகின்களை ஏற்கும் சர்வர் மென்பொருள்கள். நண்பர் ஸ்பிகாட்டை வைத்து எழுதினாரா, பேப்பரை வைத்தா, எந்தப் பதிப்பு என்று கேட்டு அதையே நிறுவுங்கள். முதல் ஓட்டத்தில் அந்த ஒரு ப்ளகின் மட்டும் இருக்கட்டும். மற்றவற்றைப் பிறகு சேர்க்கலாம். அப்போது மோதல் வந்தால் பாதியை எடுத்துவிட்டுப் பாருங்கள், பிறகு மீதியில் பாதி. யாரோடு மோதுகிறது என்பது சீக்கிரமே தெரிந்துவிடும். சர்வரை நிறுத்தாமலே ப்ளகின்களை மீண்டும் ஏற்றும் ரீலோட் கட்டளையைத் தொடவே வேண்டாம். பழைய ஓட்டத்தின் மிச்சங்கள் நினைவகத்தில் தங்கி, ப்ளகினில் இல்லாத பிழைகளை இருப்பதாகக் காட்டும். ஒவ்வொரு முறையும் சர்வரை நிறுத்தித் தொடங்குங்கள்.

உங்களை ஓபி (ஆபரேட்டர், அதாவது சர்வர் நிர்வாகி) ஆக்கிக்கொண்டு சோதிக்காதீர்கள். ஓபிக்குப் பெரும்பாலான அனுமதிகள் தாமாகவே கிடைத்துவிடும். அதனால் எல்லாம் அருமையாக ஓடுவது போலத் தோன்றும். சாதாரண வீரருக்குக் கடைக் கட்டளையே திறக்காமல் இருக்கலாம். அதைவிட மோசமாக, நிர்வாகிக்கு மட்டுமே உரிய கட்டளை எல்லோருக்கும் திறந்து கிடக்கலாம். இரண்டும் சாதாரணக் கணக்கில் நுழைந்தால்தான் தெரியும்.

இனி உண்மையான சோதனை. இரு வீரர்கள் பொருள் மாற்றிக்கொள்ளும் ப்ளகின் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் வைரம் வைக்கிறீர்கள், எதிராளி வாள் வைக்கிறார், இருவரும் சம்மதிக்கிறீர்கள், பொருட்கள் கை மாறுகின்றன. இதை எழுதியவரே பலமுறை பார்த்திருப்பார். நீங்கள் பார்க்க வேண்டியவை வேறு. எதிராளியின் இன்வென்டரி (பொருட்களை வைக்கும் பை) நிரம்பியிருந்தால் வைரம் எங்கே போகும்? ஒருவர் சம்மதித்த பிறகு மற்றவர் தன் பொருளைத் திரும்ப எடுத்தால் முதல் சம்மதம் ரத்தாகிறதா? பரிமாற்றம் திறந்திருக்கும்போதே ஒருவர் இறந்தால், வேறு உலகத்துக்குத் தாவினால், இணைப்பைத் துண்டித்தால்? பொருளைக் கிளிக் செய்து எடுப்பது மட்டும் போதாது. ஷிஃப்டோடு கிளிக் செய்யுங்கள், எண் விசைகளால் நகர்த்துங்கள், பல கட்டங்களில் இழுத்துப் பரப்புங்கள், எஃப் விசையால் இடக்கைக்கு மாற்றுங்கள். இழுப்பது சர்வருக்குக் கிளிக்கிலிருந்து வேறான ஒரு நிகழ்வு. ஒன்றைத் தடுத்தவர் மற்றதை மறந்திருப்பார்.

இடக்கை என்றதும் நினைவுக்கு வருகிறது. 2016இல் வந்த 1.9 பதிப்பிலிருந்து வலது கிளிக் நிகழ்வு ஒவ்வொரு கைக்கும் தனித்தனியாக எழும். இதைக் கவனிக்காத ப்ளகின் ஒரே கிளிக்குக்கு இரண்டு முறை காசு பிடிக்கும், அல்லது ஒரே செய்தியை இரண்டு முறை காட்டும். அதேபோல், 2015 பிப்ரவரியிலிருந்து வீரர்கள் பெயரை மாற்றிக்கொள்ளலாம். ப்ளகினின் தரவுக் கோப்பைத் திறந்து பாருங்கள். மாறாத அடையாள எண்ணுக்குப் பதிலாகப் பெயரை வைத்தே கணக்கு எழுதியிருந்தால், பெயர் மாற்றியவரின் சேமிப்பு அநாதையாகிவிடும்.

சர்வரை ஸ்டாப் கட்டளையால் நிறுத்துவது ஒரு சோதனை, ஜாவா செயல்முறையை வலுக்கட்டாயமாக மூடுவது இன்னொன்று. ஸ்டாப் கொடுத்தால் ப்ளகினுக்குச் சேமித்துக்கொள்ள அவகாசம் கிடைக்கும், திடீரென மூடினால் கிடைக்காது. வீரரின் பொருட்கள் ஒரு கோப்பிலும் ப்ளகினின் கணக்கு இன்னொரு கோப்பிலும் வெவ்வேறு நேரத்தில் எழுதப்படுவதால், ஒன்று பழையதாகவும் மற்றது புதியதாகவும் நின்றுவிடும். விற்ற வைரம் பையிலும் இருக்கும், அதற்கான காசும் கணக்கில் இருக்கும். பொருளாதாரமுள்ள சர்வரை ஒரே இரவில் நாசமாக்குபவை இத்தகைய இரட்டிப்புப் பிழைகள்தான். இப்படி ஒன்று சிக்கினால் எழுதியவரிடம் தனியாகச் சொல்லுங்கள். திருத்தம் வரும்வரை பொதுவில் வாய் திறக்க வேண்டாம்.

“லேக் ஆகிறது” என்பது பயனற்ற புகார். விளையாட்டு உலகை சர்வர் ஒருமுறை புதுப்பிக்கும் சுற்றுக்கு டிக் என்று பெயர். சர்வர் வினாடிக்கு 20 டிக் ஓட வேண்டும், அதாவது ஒரு டிக்குக்கு 50 மில்லிவினாடி. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் திணறினால் சர்வரால் அந்த வேகத்தை எட்ட முடியவில்லை என்று பொருள். ஒருவருக்கு மட்டும் என்றால் பெரும்பாலும் அவருடைய இணைப்போ கணினியோதான் காரணம். டிக் எண்ணிக்கை 20 என்று காட்டுவதை மட்டும் நம்பிவிடாதீர்கள். ஒரு டிக் 5 மில்லிவினாடியில் முடிந்தாலும் 45இல் முடிந்தாலும் அந்த எண் 20தான். எனவே டிக்குக்கு ஆகும் நேரத்தை ப்ளகினோடும் ப்ளகின் இல்லாமலும் ஒப்பிடுங்கள். எது எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று அளக்கும் ஸ்பார்க் என்ற கருவியின் அறிக்கையை இணைத்தால் எழுதியவர் உங்களைக் கும்பிடுவார்.

அறிக்கைக்கு வருவோம். “கடை வேலை செய்யவில்லை” என்று எழுதினால் அடுத்த இரண்டு நாள் கேள்வி பதிலிலேயே போகும். இப்படி எழுதிப் பாருங்கள்: “இன்வென்டரி முழுவதும் நிரம்பிய நிலையில், ஓபி அல்லாத கணக்கில், கடையில் ஒரு வாள் வாங்கினேன். காசு குறைந்தது, வாள் வரவில்லை, தரையிலும் விழவில்லை. மீண்டும் மூன்று முறை செய்தேன், மூன்றிலும் இதே விளைவு. ஒரு கட்டம் காலியாக இருந்தால் சரியாக வருகிறது.” அந்தக் கடைசி வாக்கியத்துக்கு மதிப்பு மிக அதிகம், ஏனென்றால் பிழையின் எல்லையை அது காட்டிவிடுகிறது. பதிப்பு எண்ணை வெர்ஷன் கட்டளையிலிருந்து அப்படியே நகலெடுங்கள். “புதியதுதான்” என்பது பதிப்பு எண் அல்ல.

சர்வரில் நடப்பவை பதிவாகும் லாக் கோப்பை எழுத்தாகவே கொடுங்கள், திரையைப் படம் பிடித்து அல்ல. பிழைச் செய்தி பல வரிகளுக்கு நீளும். சலிப்பூட்டுவது போலத் தெரியும் கீழ் வரிகளில்தான் பெரும்பாலும் மூலகாரணம் இருக்கும், அதனால் வெட்டாதீர்கள். ஆனால் வீரர்கள் நுழையும் வரிகளில் அவர்களுடைய ஐபி முகவரி பதிவாகும். அமைப்புக் கோப்பில் தரவுத்தளக் கடவுச்சொல்லும் இருக்கக்கூடும். இவற்றை மறைத்துவிட்டு அனுப்புங்கள்.

பிழை வேறு, உங்கள் விருப்பம் வேறு. இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள். “மெனுவின் நிறம் பிடிக்கவில்லை” என்பதை அவர் தாராளமாக ஒதுக்கலாம். “புதிதாக வந்தவர் உறுதிசெய்யும் பொத்தானைத் தேடித் தடுமாறினார்” என்பதை ஒதுக்க முடியாது, அது நீங்கள் கண்ணால் பார்த்தது. புதிய வசதிகளைக் கேட்பதை இப்போதைக்குத் தள்ளிப்போடுங்கள். பிழைப் பட்டியல் கேட்டவரிடம் ஆசைப் பட்டியலை நீட்டுவது எரிச்சலைத்தான் தரும்.

திருத்திய பதிப்பு வந்ததும் அதே படிகளை மீண்டும் செய்யுங்கள். அப்போது தரவுக் கோப்புகளை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்காதீர்கள். முந்தைய பதிப்பு எழுதிய கோப்புகளின் மேலேயே புதியதை ஏற்றுங்கள், ஏனென்றால் நாளை மற்ற நிர்வாகிகள் செய்யப்போவதும் அதைத்தான்.