கேள்வி – பதில்: இருக்கிற கணினிகளை வைத்தே ஒரு ரெண்டர் ஃபார்ம்

பிளெண்டரில் (இலவச 3டி அனிமேஷன் மென்பொருள்) 10 வினாடி ஷாட், 240 ஃபிரேம். எங்களிடம் உள்ள மூன்று கணினிகளில் ஒரு ஃபிரேமை ரெண்டர் செய்ய, அதாவது காட்சியைக் கணக்கிட்டு இறுதிப் படமாக்க, முறையே 4, 6, 12 நிமிடம் ஆகிறது. மூன்றையும் ரெண்டர் ஃபார்மாக (வேலையைப் பங்கிட்டு ரெண்டர் செய்யும் கணினிக் கூட்டமாக) இணைத்தால் மூன்று மடங்கு வேகம் கிடைக்குமா?
– வாசகர், கோவை

கிடைக்காது. இரண்டு மடங்கு கிடைக்கும். முதல் கணினி மணிக்கு 15 ஃபிரேம் போடும், இரண்டாவது 10, மூன்றாவது 5. ஆக மொத்தம் மணிக்கு 30. நல்ல கணினி தனியாக 16 மணி நேரம் உழைக்க வேண்டிய வேலை 8 மணி நேரத்தில் முடியும். நெட்வொர்க் ரெண்டரிங் எந்த ஃபிரேமையும் சீக்கிரம் முடித்துத் தராது, ஃபிரேம்களைப் பங்கு போட்டுக் கொடுக்கும், அவ்வளவுதான்.

அந்த 8 மணி நேரமும் பங்கு சரியாக விழுந்தால்தான். ஒரு கணினிக்கு ஒரு தடவைக்கு எத்தனை ஃபிரேம் என்பதை 'சங்க் சைஸ்' என்பார்கள். அதை 25 என வைத்துப் பாருங்கள். 5 மணி நேரம் ஆனதும் 150 ஃபிரேம் முடிந்து, மூன்று கணினியும் ஒரே நேரத்தில் அடுத்த பங்கைக் கேட்கும். மெதுவான கணினியும் தன் பங்குக்கு 25 ஃபிரேமை எடுத்துக்கொள்ளும். அதை முடிக்க அதற்கு இன்னும் 5 மணி நேரம். மற்ற இரண்டும் எட்டு மணி நேரத்துக்குள் வேலையை முடித்துவிட்டுச் சும்மா நிற்க, ஷாட் முடியப் பத்து மணி நேரம் ஆகிவிடும்.

அதற்காக 1 என வைப்பதும் நஷ்டம். ஒவ்வொரு பங்குக்கும் பிளெண்டர் புதிதாகத் திறந்து, ஃபைலையும் டெக்ஸ்சர்களையும் (பரப்புகளின் மேல் ஒட்டும் படங்கள்) மறுபடி ஏற்ற வேண்டும். ஃபிரேமுக்குப் பல நிமிடம் ஆகும் சைக்கிள்ஸ் (பிளெண்டரின் மெதுவான, துல்லியமான ரெண்டர் முறை) காட்சிக்கு 3 முதல் 5 வரை வையுங்கள். பத்து வினாடியில் ஒரு ஃபிரேம் முடிகிற ஈவீ (பிளெண்டரின் வேகமான ரெண்டர் முறை) காட்சி என்றால் 20, 30 கூட வைக்கலாம். அங்கே ரெண்டரைவிட ஃபைலை ஏற்றும் நேரமே அதிகம்.

இதற்கு இலவச மென்பொருள் எது? எப்படி அமைப்பது?
– வாசகர், திருநெல்வேலி

பிளெண்டர் தரப்பிலிருந்தே வரும் ஃபிளமெங்கோ போதும். பிளெண்டருக்குள்ளேயே இருந்த பழைய 'நெட்வொர்க் ரெண்டர்' ஆட்-ஆன் 2.80 பதிப்போடு எடுக்கப்பட்டுவிட்டது. அதைப் பற்றிய பழைய வீடியோக்களைப் பார்த்துத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

மென்பொருளைத் தொடும் முன் பொது ஃபோல்டரைச் சரிசெய்யுங்கள். ஒரு கணினியில் 'ரெண்டர்' என ஒரு ஃபோல்டரை எழுதும் அனுமதியோடு ஷேர் செய்து, எல்லாக் கணினியிலும் அதை ஒரே டிரைவ் எழுத்தாக, உதாரணமாக எஸ் டிரைவாக, மேப் செய்யுங்கள். ஃபோல்டர் இருக்கும் கணினியிலும் அது எஸ் டிரைவாகவே தெரிய வேண்டும். பலரும் தவறவிடுவது இதைத்தான். கூகுள் டிரைவ், டிராப்பாக்ஸ் போன்றவற்றை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. ஒரு கணினி எழுதியது அடுத்ததில் எப்போது வந்து சேரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

பிறகு எல்லாக் கணினியிலும் ஒரே பிளெண்டர் பதிப்பை ஒரே ஃபோல்டரில் விரித்து வையுங்கள். ஏதாவது ஒரு கணினியில் வேலையைப் பங்கிடும் நிரலான ஃபிளமெங்கோ மேனேஜரை ஓட்டினால் பிரவுசரில் ஒரு பக்கம் திறந்து பொது ஃபோல்டரையும் பிளெண்டர் இருக்கும் இடத்தையும் கேட்கும். அடுத்து ஒவ்வொரு கணினியிலும் பங்கை வாங்கி ரெண்டர் செய்யும் நிரலான வொர்க்கரை ஓட்டுங்கள். மேனேஜர் இருக்கும் கணினியிலும் ஒரு வொர்க்கர் ஓடலாம். மேனேஜரின் பக்கத்திலேயே பிளெண்டருக்கான ஆட்-ஆன் கிடைக்கும். அதை நிறுவி மேனேஜரின் முகவரியைக் கொடுத்தால், அவுட்புட் பகுதியில் ஃபிளமெங்கோ பெட்டி வரும். அதில் 'சிம்பிள் பிளெண்டர் ரெண்டர்' வகையைத் தேர்ந்தெடுத்து, ஃபிரேம் எண்களையும் சங்க் சைஸையும் கொடுத்து அனுப்ப வேண்டியதுதான்.

வொர்க்கர் மேனேஜரைக் கண்டுபிடிக்கவில்லையா? முதலில் மேனேஜர் கணினியின் ஃபயர்வாலில் 8080 போர்ட்டைத் திறந்து, விண்டோஸில் அந்த நெட்வொர்க்கை 'பிரைவேட்' என மாற்றுங்கள். அப்படியும் வரவில்லை என்றால் வொர்க்கரின் அமைப்பு ஃபைலில் மேனேஜரின் ஐ.பி. முகவரியையும் 8080 என்ற எண்ணையும் கையால் எழுதிவிடுங்கள். இன்னொன்று: வொர்க்கரை 'ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுத்துத் திறக்காதீர்கள். சாதாரணமாக மேப் செய்த டிரைவ் அட்மினிஸ்ட்ரேட்டராக ஓடும் நிரலின் கண்ணுக்குத் தெரியாது. எக்ஸ்புளோரரில் எஸ் டிரைவ் இருக்கும், வொர்க்கரோ அப்படி ஒரு டிரைவே இல்லை என்று சொல்லும்.

எல்லா டாஸ்க்கும் 'கம்ப்ளீட்டட்' என்றே காட்டுகிறது. ஆனால் சில ஃபிரேம்களில் சுவரும் தரையும் அடர் ரோஸ் நிறத்தில் வந்திருக்கின்றன.
– வாசகர், சேலம்

அந்த ரோஸ் நிறம், டெக்ஸ்சர் கிடைக்கவில்லை என்று பிளெண்டர் சொல்லும் முறை. டெக்ஸ்சர் இல்லாதது பிளெண்டருக்குப் பிழையே அல்ல, படத்தைப் போட்டு முடித்துவிடும். அதனால் ஃபிளமெங்கோவும் வேலை முடிந்தது என்றே எழுதும். 'கம்ப்ளீட்டட்' என்பதை நம்பாமல், முழு வேலையையும் அனுப்பும் முன் ஒவ்வொரு கணினியிலும் ஒரு ஃபிரேமாவது போட்டுப் பாருங்கள்.

உங்கள் பிளெண்ட் ஃபைல் பொது ஃபோல்டரில் இருக்கிறது, டெக்ஸ்சர் உங்கள் கணினியின் டி டிரைவில் இருக்கிறது என்று நினைக்கிறேன். உங்கள் கணினி போட்ட ஃபிரேம்கள் சரியாகவும் மற்றவை ரோஸாகவும் இருந்தால் சந்தேகமே வேண்டாம். டெக்ஸ்சர்களை பிளெண்ட் ஃபைலுக்குப் பக்கத்திலேயே ஒரு ஃபோல்டரில் போட்டு மறுபடி இணைத்து, ஃபைல் மெனுவின் 'எக்ஸ்டர்னல் டேட்டா'வில் 'மேக் பாத்ஸ் ரிலேட்டிவ்' கொடுங்கள். பாதைகள் // என்று தொடங்க வேண்டும், அதுதான் பிளெண்ட் ஃபைல் இருக்கும் இடத்திலிருந்து சொல்லும் ரிலேட்டிவ் பாதை. டி டிரைவிலேயே விட்டுவிட்டு இந்தக் கட்டளையைக் கொடுத்துப் பயனில்லை. விண்டோஸில் ஒரு டிரைவிலிருந்து இன்னொன்றுக்கு ரிலேட்டிவ் பாதை கிடையாது.

புகை ஐந்து ஃபிரேமுக்கு ஒருமுறை குதிக்கிறது. தனியாக ரெண்டர் செய்தால் சரியாக இருக்கிறது.
– வாசகர், யாழ்ப்பாணம்

உங்கள் சங்க் சைஸ் 5 ஆக இருக்கும்! புகை, துணி, நீர் எதுவானாலும் 100ஆவது ஃபிரேமின் நிலை 99ஐப் பொறுத்தது. நடுவிலிருந்து தொடங்கும் கணினிக்கு முன்கதை தெரியாது. ஒரே கணினியில் முழுவதையும் பேக் செய்து (முன்கூட்டியே கணக்கிட்டுச் சேமித்து), அது சேமிக்கப்படும் கேஷ் ஃபோல்டரைப் பொது டிரைவில் ரிலேட்டிவ் பாதையில் வைத்து, பிறகு அனுப்புங்கள். இந்த பேக் வேலையைப் பல கணினிக்குப் பங்கு போட முடியாது.

குதிக்காமல், வெளிச்சமோ புள்ளிகளோ மட்டும் மாறி மாறித் தெரிந்தால் பிளெண்டர் பதிப்புகளைச் சரிபாருங்கள். 4.1இலும் 4.2இலும் ஈவீ ஒன்றல்ல. 4.2இல் அதை அடியோடு மாற்றி எழுதியிருக்கிறார்கள்.

ரெண்டர் தொடங்கவே பல நிமிடம் ஆகிறது. கேபிள் வழியாகத்தான் இணைத்திருக்கிறோம்.
– வாசகர், திருச்சி

இணைப்பின் வேகத்தை விண்டோஸின் நெட்வொர்க் அமைப்பில் பாருங்கள். ஜிகாபிட் என்றால் நடைமுறையில் வினாடிக்கு சுமார் 110 எம்.பி. வரும், 2 ஜி.பி. காட்சி 18 வினாடியில் ஏறிவிடும். அங்கே 100 எம்.பி.பி.எஸ். (வினாடிக்கு 100 மெகாபிட்) என்று இருந்தால் அதே காட்சிக்கு மூன்று நிமிடம். ஆறு கணினி ஒரே நேரத்தில் கேட்டால் கால் மணி நேரத்துக்கும் மேல். ஜிகாபிட்டுக்குக் கேபிளின் எட்டுக் கம்பியும் வேண்டும், ஒன்று விட்டுப்போனாலும் 100க்கு இறங்கிவிடும். இணைப்பு இருப்பதால் யாரும் கவனிப்பதில்லை. முனையை மறுபடி கிரிம்ப் செய்யுங்கள், அல்லது வேறு கேபிள் போட்டுப் பாருங்கள்.

போஸ்டருக்கு ஒரே ஒரு பெரிய படம். அதையும் நாலு கணினிக்குப் பிரிக்கலாமா?
– வாசகர், சென்னை

சைக்கிள்ஸ் என்றால் வழி உண்டு. 1024 சாம்பிள் (ஒவ்வொரு புள்ளிக்கும் எத்தனை தடவை கணக்கிடுவது என்ற எண்) தேவை என்றால் நாலு கணினியிலும் 256 வைத்து, சீட் எண்ணை (புள்ளிகள் எப்படிச் சிதறும் என்பதைத் தீர்மானிக்கும் எண்) மட்டும் 1, 2, 3, 4 என மாற்றுங்கள். நாய்ஸ் த்ரெஷோல்டையும் டீநாய்ஸையும் (புள்ளிகளை நீக்கும் வசதி) அணைத்துவிட்டு மல்டிலேயர் ஓப்பன்-இ.எக்ஸ்.ஆர். ஆகச் சேமியுங்கள். சைக்கிள்ஸின் 'மெர்ஜ் இமேஜஸ்' கட்டளையைப் பைதான் கன்சோலில் கொடுத்து இரண்டிரண்டாகச் சேர்த்து, கடைசியில் கம்பாசிட்டரில் டீநாய்ஸ் செய்துகொள்ளலாம். சீட்டை மாற்ற மறந்தால் நாலும் ஒரே புள்ளிகளோடு வரும், சேர்த்தும் பயனில்லை.

மாயா என்ற 3டி மென்பொருளில் ஆர்னால்டு ரெண்டரர் பயன்படுத்துகிறோம். மற்ற கணினிகள் தரும் ஃபிரேம்களில் வாட்டர்மார்க் வருகிறது.
– வாசகர், மதுரை

அந்தக் கணினிகளுக்கு ஆர்னால்டு உரிமம் இல்லை. பின்னணியில் ரெண்டர் செய்யும் ஒவ்வொரு கணினிக்கும் தனி உரிமம் வேண்டும்.

இரவு முழுக்க நாலு கணினி ஓடுகிறது. எல்லாம் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில். ஆபத்தா?
– வாசகர், ஈரோடு

ஆபத்துதான். கிராபிக்ஸ் கார்டோடு முழு மூச்சில் ஓடும் கணினி 350 வாட் இழுக்கிறது என வைத்தால் நாலுக்கு 1400. சாதாரண 6 ஆம்பியர் பாயின்ட்டின் எல்லையே 230 வோல்ட்டில் 1380 வாட்தான். பகலில் கணினிகள் சும்மா இருக்கும்போது தெரியாத சூடு, எட்டு மணி நேர ரெண்டரில் பிளக்கை உருக்கிவிடும். இரண்டிரண்டாகப் பிரித்துத் தனித்தனி பாயின்ட்டில் கொடுங்கள், அல்லது 16 ஆம்பியர் பாயின்ட்டிலிருந்து அதைத் தாங்கும் ஒயரில் எடுங்கள். 600 வி.ஏ. யூ.பி.எஸ். பொதுவாக 360 வாட்தான் தாங்கும், ஒரு கணினிக்கே அது எல்லை.

கரண்ட் போகும் ஊர் என்றால் நேரடியாக வீடியோ ஃபைலாக ரெண்டர் செய்யாதீர்கள், பி.என்.ஜி. ஃபிரேம்களாகவே எடுங்கள். எத்தனை தடவை நின்றாலும் முடிந்த ஃபிரேம்கள் கையில் இருக்கும். கரண்ட் வந்ததும் ஃபோல்டரை அளவு வாரியாக அடுக்கி, வழக்கத்தைவிட மிகச் சிறியதாகவோ 0 கே.பி. ஆகவோ இருப்பவற்றை அழித்துவிட்டு, அந்த எண்களை மட்டும் மறுபடி அனுப்புங்கள்.