லைம் பரிசோதனை முடிவு இரண்டுங்கெட்டானாக வந்தால் என்ன அர்த்தம்?

அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் உண்ணிக் கடியால் அதிகம் பரவும் லைம் நோய்க்கான வழக்கமான ரத்தப் பரிசோதனை கிருமியைத் தேடுவதில்லை. கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கும் ஆன்டிபாடியைத் தேடுகிறது. அது உருவாகச் சில வாரம் பிடிக்கும். உறை ஊற்றிய கையோடு மூடியைத் திறந்தால் பால்தான் இருக்கும், தயிர் இருக்காது. முதல் வாரத்து நெகட்டிவும் அப்படித்தான். சந்தேகம் தீராவிட்டால் இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி ரத்தம் கொடுக்க வேண்டும். ஆனால் உண்ணிகள் உள்ள பகுதிக்குப் போய்வந்தவருக்கு வட்டமாக விரியும் தடிப்பு தெளிவாகத் தெரிந்தால், பரிசோதனைக்குக் காத்திராமல் மருந்து தொடங்கிவிடுவார்கள்.

பரிசோதனை இரண்டு கட்டமாக நடக்கும். முதலில் எலைசா, அதாவது ரத்தத்தில் ஆன்டிபாடி இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை. அது பாசிட்டிவ் அல்லது இரண்டுங்கெட்டான் (பாசிட்டிவ் என்றோ நெகட்டிவ் என்றோ உறுதியாகச் சொல்ல முடியாதது) என்றால் மட்டுமே அடுத்த கட்டம், பெரும்பாலும் வெஸ்டர்ன் பிளாட். கிருமியின் எந்தெந்தப் புரதத்துக்கு ஆன்டிபாடி இருக்கிறது என்பதை அது கோடுகளாகக் காட்டும். அதில் ஐஜிஎம் (முதலில் உருவாகும் ஆன்டிபாடி) 3 கோடுகளில் 2, அல்லது ஐஜிஜி (பிறகு உருவாகும் ஆன்டிபாடி) 10 கோடுகளில் 5 தெரிந்தால்தான் பாசிட்டிவ். 41 என்ற ஒரே கோட்டைப் பார்த்துப் பலர் பதறுகிறார்கள். அது கிருமியின் வாலிழைப் புரதம். வேறு பல பாக்டீரியாக்களிலும் அதே போன்றது உண்டு, ஆகவே நோயில்லாதவர்களுக்கும் அந்தக் கோடு விழும். அறிகுறி தொடங்கி 30 நாள் தாண்டியும் ஐஜிஎம் மட்டும் பாசிட்டிவ் என்றால் அதைக் கணக்கில் எடுப்பதில்லை.

மருந்து முடித்த பிறகும் பாசிட்டிவ் வந்தால் நோய் போகவில்லை என்று பொருளல்ல. ஆன்டிபாடி பல வருடம் ரத்தத்தில் தங்கக்கூடும்.