வாரண்ட் இருந்ததா என்பதை விடுங்கள், போனில் கை வைக்காதீர்கள்

கேள்வி: என் தம்பி மீது அவனுடைய முன்னாள் பார்ட்னர் 6 லட்ச ரூபாய் மோசடிப் புகார் கொடுத்திருக்கிறார். விடிகாலையில் வாரண்ட் இல்லாமல் போலீசார் வந்து பீரோவைக் கலைத்து, அம்மாவின் புடவைகளையெல்லாம் தரையில் வீசினார்கள். வழக்கில் சம்பந்தமே இல்லாத என் லேப்டாப்பையும் போனையும் எடுத்துப் போய்விட்டார்கள். எடுத்த பொருள்களைக் குறிக்கும் மகஜரில் படிக்காமலேயே கையெழுத்துப் போட்டேன். அந்தரங்க உரிமை மீறல் என்று ஹைகோர்ட் போகலாமா? கூகுள் கணக்கு வழியாகப் போனில் உள்ளதை அழித்துவிடலாம் என்கிறார் நண்பர். செய்யலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். செய்யாதீர்கள். உங்கள் கடிதத்தில் அவசரமானது அது ஒன்றுதான்.

புடவை விஷயம் வருத்தம்தான், ஆனால் வழக்கில் அதற்கு எடை இல்லை. வாரண்ட் இல்லை என்பதும் நீங்கள் நினைக்கிற அளவுக்குப் பெரிய ஆயுதம் இல்லை. பி.என்.எஸ்.எஸ். (குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதில் வந்த புதிய சட்டம்) 185-வது பிரிவில், காரணத்தை எழுதி வைத்துவிட்டு வாரண்ட் இல்லாமலே சோதனை போடலாம். அந்தக் குறிப்பு 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டுக்குப் போயிருக்க வேண்டும். வீட்டுக்காரர் என்ற முறையில் மனுப் போட்டால் நகல் இலவசமாகக் கிடைக்கும். 105-வது பிரிவின்படி எடுத்திருக்க வேண்டிய வீடியோவையும் கேளுங்கள்.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-ல் ஒன்பது நீதிபதிகள் சொன்னது உண்மை. ஆனால், சோதனை சட்டவிரோதமாக நடந்தது என்பதற்காக மட்டும் அதில் கிடைத்த சாட்சியத்தைத் தூக்கி எறிய முடியாது என்று 1973-லேயே பூரண் மல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உரிமை மீறல் என்று ஹைகோர்ட்டில் ரிட் மனுப் போட்டு ஜெயித்தாலும், போனில் உள்ளது அப்படியே தம்பியின் வழக்குக்குள் வரலாம்.

இப்போது நான் பயப்படுகிற இடம். இதே நிலைமையில் என்னிடம் வழக்குக் கொடுத்த ஒரு கட்சிக்காரர், போன் பறிமுதலான மூன்றாம் நாள் ராத்திரி வீட்டில் உட்கார்ந்தபடியே அழிக்கும் கட்டளை கொடுத்துவிட்டார். போனில் இருந்தவை குடும்பப் போட்டோவும் கடைக் கணக்கும்தான். எந்தக் கணக்கிலிருந்து, எத்தனை மணிக்குக் கட்டளை போனது என்பது பதிவாகிவிடும் என்று அவருக்குத் தோன்றவில்லை. சாட்சியாக இருந்தவர் குற்றப்பத்திரிகையில் இரண்டாம் எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், ஆனார். சாட்சியமாகக் கேட்கப்படக்கூடிய மின்னணுப் பதிவை அழித்தால் பி.என்.எஸ். (இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் வந்தது) 241-ல் மூன்று வருடம் வரை தண்டனை. அழித்ததில் ஒன்றுமே இல்லை என்று அப்புறம் எப்படி நிரூபிப்பீர்கள்? அந்த நண்பரிடம் பாஸ்வேர்டு இருந்தால் அவரையும் தடுத்து வையுங்கள். வேறு போனில் வாட்ஸ்அப் திறந்து தம்பியுடன் பேசியதை நீக்குவதும் இதே கதைதான்.

படிக்காமல் போட்ட கையெழுத்து அடுத்த தலைவலி. மகஜரில் "தாமாகவே முன்வந்து ஒப்படைத்தார்" என்று ஒரு வரி இருந்தால், அத்துமீறிய சோதனை என்ற உங்கள் வாதத்தின் பாதி அங்கேயே போய்விடும். நகலை வாங்கிப் பார்க்காமல் ஹைகோர்ட் பேச்சே வேண்டாம்.

என்னைக் கேட்டால், ரிட்டுக்கு ஆகும் வக்கீல் ஃபீஸை பார்ட்னருடன் பேசி முடிக்கச் செலவழிக்கச் சொல்வேன். வெறும் பி.என்.எஸ். 318(4) மோசடி என்றால் கோர்ட் அனுமதியோடு சமரசம் செய்யலாம். பணத்தில் ஒரு பகுதி உண்மையிலேயே பாக்கி இருக்கிறதா என்று தம்பியிடம் தனியாக உட்கார்ந்து கேளுங்கள், இதை அவன் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டான். லேப்டாப்பைத் திரும்பப் பெற மாஜிஸ்திரேட் கோர்ட்டில் பி.என்.எஸ்.எஸ். 503-வது பிரிவில் மனுப் போடலாம். வாங்கிய பில்லை இப்போதே தேடி எடுத்து வையுங்கள், முதலில் அதைத்தான் கேட்பார்கள்.