திருத்திய நோட்டில் என்ன எழுதுவது? ஆசிரியர்கள், பெற்றோர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: ‘நன்று’, ‘இன்னும் கவனம் தேவை’ என்று எழுதித்தான் கொடுக்கிறேன். அடுத்த கட்டுரையிலும் அதே பிழைகள். ஏன்?

அந்தச் சொற்களைப் படித்துவிட்டு மாணவர் செய்வதற்கு ஒரு வேலையும் இல்லை. எதில் கவனம், எந்த வரியில்? எட்ட வேண்டியது எது, இப்போது எங்கே நிற்கிறார், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்ற மூன்றும் பின்னூட்டத்தில் இருக்க வேண்டும். ஜான் ஹாட்டியும் ஹெலன் டிம்பர்லியும் 2007இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இந்த மூன்றையே அடிப்படையாக வைக்கிறது. பெரும்பாலும் விட்டுப்போவது மூன்றாவதுதான்.

இப்படி எழுதிப் பாருங்கள்: “காடு அழிந்தால் மழை குறையும் என்று காரணத்தோடு சொல்ல வந்திருக்கிறாய். எப்படிக் குறையும் என்பது இரண்டாம் பத்தியில் இல்லை. இலைகள் வெளியிடும் நீராவியைச் சேர்த்து இரண்டு வரி எழுது.” ஒரு கட்டுரைக்கு இப்படி ஒன்று, மிஞ்சினால் இரண்டு போதும். பன்னிரண்டு குறைகளைச் சுட்டினால் எதை முதலில் திருத்துவது என்று தெரியாமல் நோட்டை மூடிவிடுவார்கள்.

கேள்வி: மதிப்பெண்ணையும் கருத்தையும் சேர்த்தே தரலாமா?

பயிற்சி வேலைகளுக்கு வேண்டாம். ரூத் பட்லர் 1988இல் வெளியிட்ட ஆய்வில், கருத்து மட்டும் பெற்ற மாணவர்கள் அடுத்த வேலையில் மேம்பட்டார்கள். மதிப்பெண்ணோடு சேர்த்துக் கருத்து பெற்றவர்களிடம் அந்தப் பலன் இல்லை. எண்ணைப் பார்த்ததும் பக்கத்து மாணவரின் எண்ணோடு ஒப்பிடத் தோன்றும். கருத்து கண்ணில் படாது. மதிப்பெண்ணை உங்கள் பதிவேட்டில் குறித்துக்கொள்ளுங்கள். நோட்டில் கருத்தை மட்டும் எழுதி, திருத்தி வந்த பிறகு எண்ணைச் சொல்லுங்கள்.

கேள்வி: வகுப்பில் 45 பேர். எல்லோருக்கும் இப்படி எழுத நேரம் ஏது?

எல்லோருக்கும் ஒவ்வொரு முறையும் எழுத வேண்டியதில்லை. 45 நோட்டையும் படியுங்கள், ஆனால் பேனாவைக் கீழே வைத்துவிட்டு. திரும்பத் திரும்ப வரும் மூன்று நான்கு பிழைகளைத் தனித் தாளில் குறித்து, மறுநாள் பலகையில் எழுதி 15 நிமிடம் விளக்குங்கள். விரிவான கருத்தை ஒரு முறைக்கு ஒன்பது பேருக்கு மட்டும் எழுதினால், ஐந்து பாடவேலைகளில் எல்லோருக்கும் ஒரு சுற்று வந்துவிடும்.

மொழிப் பிழைகளுக்குக் குறியீடு வையுங்கள்: ‘எ’ என்றால் எழுத்துப்பிழை, ‘ச’ சந்திப்பிழை, ‘ஒ’ ஒருமை பன்மை மயக்கம். குறியீட்டைப் பிழையான சொல்லின் மேல் போடாமல், அந்த வரியின் ஓரத்தில் போடுங்கள். எந்தச் சொல் என்று தேடுவது மாணவரின் வேலை. ஏற்கெனவே கற்பித்த விதிகளுக்குத்தான் இது உதவும். விதியே தெரியாதவருக்கு ‘ச’ போட்டுப் பயனில்லை. மறுபடி கற்பிக்கத்தான் வேண்டும்.

கேள்வி: கணக்கில் விடை தவறு என்றால் பெருக்கல் குறி போட்டால் போதாதா?

போதாது. கவனப் பிசகா, கருத்துப் பிழையா என்று முதலில் பிரிக்க வேண்டும். 1/2 + 1/3 = 2/5 என்று எழுதியவர் அவசரத்தில் எழுதவில்லை; மேலெண்களைத் தனியாகவும் கீழெண்களைத் தனியாகவும் கூட்டலாம் என்று நம்புகிறார். 5/6 என்று நீங்களே எழுதிக் கொடுத்தால் அந்த நம்பிக்கை அப்படியே இருக்கும். “அரையோடு கொஞ்சம் கூட்டியிருக்கிறாய். உன் விடை 2/5 அரையைவிடப் பெரியதா, சிறியதா?” என்று எழுதுங்கள். முறை தப்பு என்று அவருக்கே தெரிந்துவிடும். வெறும் பிசகு என்றால், “இந்த ஐந்து கணக்குகளில் இரண்டு தவறு, கண்டுபிடி” என்றாலே போதும்.

கேள்வி: பிழையைச் சொன்னால் என் மகள் அழுகிறாள். பாராட்டு மட்டும் போதுமா?

பிழையை மறைக்காதீர்கள், ஆளை விட்டுவிட்டு வேலையைப் பற்றிப் பேசுங்கள். குளுகர், டெனிசி இருவரும் 1996இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட பின்னூட்டங்கள் செயல்திறனைக் குறைத்திருந்தன. ‘நான் எப்படிப்பட்டவள்’ என்ற பக்கம் கவனம் திரும்பினால் கற்றல் தடைப்படுகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். ‘நீ கெட்டிக்காரி’ என்ற பாராட்டும் அதே பக்கம்தான் திருப்புகிறது. கடினமான கணக்கு வந்ததும், கெட்டிக்காரி என்ற பெயர் போய்விடுமோ என்று பயம் வரும். “முதல் வழி சரிவராதபோது படம் வரைந்து பார்த்தாய், அதனால் விடை வந்தது” என்று, அவள் உண்மையிலேயே செய்ததைச் சொல்லுங்கள். செய்யாத முயற்சியைப் பாராட்டாதீர்கள். குழந்தைகளுக்கு அது உடனே தெரிந்துவிடும்.

கேள்வி: குறையை இரண்டு பாராட்டுகளுக்கு நடுவில் வைத்துச் சொல்லலாமா?

தேவையில்லை. பாராட்டு மட்டும் நினைவில் நிற்கும், அல்லது பாராட்டு வந்தாலே அடுத்து குறை வரும் என்று பழகிவிடும்.

கேள்வி: எவ்வளவு எழுதினாலும் யாரும் படிப்பதே இல்லையே?

படிக்க நேரம் கொடுத்தீர்களா? மணி அடிக்கும்போது நோட்டைத் திருப்பிக் கொடுத்தால் அது நேராகப் பைக்குள் போகும். பாடவேளையின் தொடக்கத்தில் கொடுங்கள். முதல் 10 நிமிடம் யாரும் புதிதாக எதுவும் எழுதக் கூடாது, சுட்டிய இடத்தை மட்டும் வேறு நிற மையில் திருத்த வேண்டும். அப்போது நடந்து பார்த்தாலே யாருக்குக் கருத்து புரியவில்லை என்று தெரியும். அடுத்த பாடவேலையின் தலைப்புக்கு மேல், போன முறை நீங்கள் எழுதிய கருத்தை மாணவரே ஒரு வரியில் எழுதிவிட்டுத் தொடங்கட்டும். நீங்கள் திருத்தும்போது முதலில் அந்த வரியைப் பார்த்து, அது நிறைவேறியிருக்கிறதா என்று சரிபாருங்கள்.