எலிக்கு மாறினது அப்பாவுக்கும் மாறுமோ?

வணக்கம் அண்ணா,
அப்பாவுக்கு ஈரலிலை கொழுப்பு எண்டு தொடங்கி, இப்ப ஈரலின்ரை இறுக்கத்தை அளக்கிற ஃபைப்ரோஸ்கான் செய்து பாக்கத் தழும்பு எஃப்3, அதாவது நாலு படியிலை மூண்டாம் படி எண்டு வந்திட்டுது. கனடாவிலை இருக்கிற அத்தான் ஒரு வீடியோ அனுப்பினவர், ஸ்டெம் செல் ஊசியும் மூலிகைச் சத்தும் சேத்துக் குடுத்தா தழும்பு முழுக்க மாறுமாம், இந்தியாவிலை செய்யினமாம். காணியை ஈடு வைச்செண்டாலும் கொண்டு போவம் எண்டு அம்மா நிக்கிறா. என்ன செய்யிறது?
கொக்குவிலிலை இருந்து ஒரு வாசகி

தங்கச்சி,

காணி உறுதியை முதல் அலுமாரிக்குள்ளை வைச்சுப் பூட்டுங்கோ, பேந்து கதைப்பம்.

வீடியோவிலை சொன்னது முழுப் பொய் இல்லை, அதுதான் வில்லங்கம். ஈரலிலை விற்றமின் ஏயைச் சேமிச்சு வைக்கிற ஸ்டெல்லேற் செல் எண்டு ஒண்டு இருக்கு, ஈரல் திரும்பத் திரும்பக் காயப்பட அது தன்ரை வேலையை விட்டிட்டுக் கொலாஜன் நார் பின்னத் தொடங்கும், தழும்பு எண்டிறது உதுதான். எலும்பு மச்சையிலையோ தொப்புள் கொடியிலையோ எடுக்கிற ஸ்டெம் செல்லை, அதாவது வேறை வகைச் செல்லா மாறக்கூடிய மூலச் செல்லை ஏத்தினா அது புது ஈரலா முளைக்கும் எண்டு நினையாதேங்கோ, அழற்சியைத் தணிக்கிற சாமான்களைச் சுரக்கும், அதுதான் அதின்ரை வேலை. அதுவும் நாளத்தாலை ஏத்தினா கனக்கச் செல் நுரையீரலிலையே சிக்கிப் போகும், தப்பி வாறதும் கன நாள் நிக்காது. அதாலைதான் மஞ்சளிலை இருக்கிற குர்குமின், மில்க் திசில் எண்ட செடியின்ரை விதையிலை இருக்கிற சிலிமரின் மாதிரி ஏதும் சேத்துக் குடுத்தா செல் தாக்குப் பிடிக்குமோ எண்டு பாக்கினம். யோசனை நல்லது.

பாக்கிறது கூட எலியிலைதான். காபன் ரெட்ராகுளோரைட் எண்ட நஞ்சைக் கிழமைக்கு ரெண்டு தரம் ஏத்தி ஏத்தி ஈரலைக் கெடுத்துப்போட்டு மருந்து குடுப்பினம். வீடியோவிலை வராத விஷயம் என்னெண்டா, அந்த நஞ்சை நிப்பாட்டினாலே மருந்தே இல்லாமல் எலியின்ரை தழும்பு கனக்கக் கரையும். மனிசரிலை எண்டா, 2018இலை வெளிவந்த ஒரு பிரித்தானிய ஆய்விலை, சிரோசிஸ் (ஈரல் முழுக்கத் தழும்பேறின கடைசிப் படி) வந்த 81 பேரைப் பிரிச்சு, ஒரு பகுதிக்கு அவையின்ரை ரத்தத்திலை எடுத்த ஸ்டெம் செல்லையே ஏத்திப் பாத்தவை (அது வேறை வகைச் செல், ஓம்), முன்னேற்றம் வரேல்லை.

சின்னனிலை எனக்குச் செங்கண்மாரி வரேக்கை அம்மம்மா கிணத்தடி வாழைப் பாத்தியிலை கீழ்க்காய்நெல்லி பிடுங்கி, அம்மியிலை அரைச்சு ஆட்டுப்பாலிலை கரைச்சு வெறுவயித்திலை தருவா, பேந்து வெய்யிலுக்குள்ளை இழுத்துக்கொண்டு போய்க் கண்மடலை விரிச்சு மஞ்சள் போட்டுதோ எண்டு பாப்பா. மாறினதுதான். ஆனா அந்த வயசிலை வாற செங்கண்மாரி பெரும்பாலும் தானாவே மாறுற வருத்தம், பேர் மட்டும் இலைக்குப் போட்டுது.

அப்பாவுக்கு நஞ்சு என்னெண்டு பாருங்கோ, மூண்டு நேரமும் சோறோ, பின்னேரத் தேத்தண்ணியோடை ரோல்ஸோ, சீனி வருத்தமோ, கள்ளோ. கொழுப்பாலை வந்த தழும்பு, உடம்பு நிறையிலை நூற்றுக்குப் பத்துக் குறைச்ச ஆக்களிலை பின்வாங்கினதைக் கண்டிருக்கினம். எஃப்3 எண்டா இன்னும் சிரோசிஸ் இல்லை, நேரம் இருக்கு.

இன்னொண்டு. கறிக்குப் போடுற மஞ்சளிலை பயமில்லை, ஆனா போத்தலிலை வாற மஞ்சள் குளிசையாலை ஈரல் பழுதான ஆக்களும் இருக்கினம். அத்தான் பார்சலிலை ஏதும் அனுப்பினவரோ? அனுப்பியிருந்தா லேபிளோடை கிளினிக்குக்குக் கொண்டுபோய் டொக்டரிட்டைக் காட்டுங்கோ, அப்பா ஒளிச்சுப் போடுறாரோ எண்டும் ஒருக்கா அம்மாட்டைக் கேளுங்கோ.