பார்கோட் கைப்பட்டிக்கு பேட்டன்ட் கிடைக்குமா?

நுவரெலியா ஏப்ரல் சீசன் கடைகளில் கைப்பட்டி பார்கோடை ஸ்கேன் செய்து முன்பணத்தில் கழிக்கும் உங்கள் முறை, இப்படியே கொடுத்தால் நிற்காது. பார்கோட் பட்டி ஆஸ்பத்திரிகளில் நோயாளியின் கையிலேயே இருக்கிறது. முன்பணக் கணக்கும் பழையது. தெரிந்தவற்றைச் சேர்த்து எதிர்பார்த்த பலனே வந்தால் அது பெரும்பாலும் துறை தெரிந்த எவருக்கும் தோன்றக்கூடியதுதான், பேட்டன்டுக்குப் போதாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2007இல் கேஎஸ்ஆர் வழக்கில் சொன்னது.

இங்கே இலங்கையில் அதைவிடப் பெரிய தடை உண்டு. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில் வியாபார முறைகளுக்கு பேட்டன்ட் இல்லை.

விண்ணப்பத்தில் பணம் பற்றிய வரிகளை வெட்டிப் பாருங்கள். மிச்சம் என்ன? மலையில் சிக்னல் விழுந்தாலும் ஒரே பட்டியில் இருமுறை கழியாமல் தடுக்க வழி கண்டிருந்தால், அதை முன்னால் வையுங்கள், அதற்காகப் போராடலாம்.

போன சீசனிலேயே ஊரறிய ஓட்டியிருந்தால் தாமதிக்க வேண்டாம். பேட்டன்ட் கேட்கும் முன்பே ஊரறிந்த கண்டுபிடிப்பு புதியதாகக் கருதப்படாது; நீங்களே வெளியிட்டதற்கு, விண்ணப்பத்துக்கு முந்திய ஓராண்டுதான் விலக்கு.