பரிசைக் கடையில் வாங்கிக் கொடுப்பதைவிட கையால் செய்து கொடுப்பதில் அப்படி என்ன சந்தோஷம்?

முதல் சந்தோஷம் கொடுப்பவருக்குத்தான், ஏனென்றால் செய்து முடிக்கிற வரைக்கும் அந்த ஆளையே நினைத்துக்கொண்டிருப்போம். ஒயர் கூடையை எடுத்துக்கொள்ளுங்கள். அக்கா ஆபீசுக்கு மூன்றடுக்கு டிபன் கேரியர் கொண்டுபோகிறார் என்றால், அது ஆடாமல் உட்காருகிற அளவுக்கு அடிப்பாகம் போட்டு, பக்கத்தில் தண்ணீர் பாட்டிலுக்கும் இடம் விட்டு, அவருக்குப் பிடித்த மயில்கழுத்து நிறத்தில் சிவன் கண், நெல்லிக்காய் என்கிற முடிச்சு வகைகளில் ஒன்றில் கூடை பின்னலாம். கடையில் இப்படி அளவெடுத்த மாதிரி கிடைப்பது அபூர்வம். புதிதாகப் பின்னுகிறவர்கள் சாதா முடிச்சிலேயே தொடங்குங்கள். எல்லா முடிச்சும் ஒரே இறுக்கமாக இருக்கட்டும், இல்லாவிட்டால் கூடை ஒரு பக்கம் சாய்ந்துவிடும். கைப்பிடியை மட்டும் அவசரப்படாமல் தடிமனாகப் பின்னுங்கள்; பாரத்தோடு பஸ்ஸில் நிற்கும்போது மெல்லிய பிடி விரலை அறுக்கும். அப்புறம், விலை குறைவாயிற்றே என்று கூச்சப்படவே வேண்டாம், நல்ல ஒயர் கூடை பல வருஷம் உழைக்கும்.